கண் சிமிட்டிய மீன் தொட்டி விளக்கு

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டடி மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடிக்குள் உள்ள 18 வாட் டியூப் லைட் ஒரு வாரமாக எரிவதும் அணைவதுமாக இருந்தது. மீன்களை விட அம்மாவுக்குத்தான் எரிச்சல் அதிகம்.

முதலில் ஸ்டார்ட்டரை மாற்றினேன். இரண்டு நாள் ஒழுங்காக எரிந்தது, அப்புறம் அதே சிமிட்டல். சோக் (டியூபுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சுருள்) போயிருக்கும் என்று கடைக்காரர் சொல்ல, நானும் நம்பி வாங்கத்தான் இருந்தேன். நல்லவேளை, அதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு (இதைச் செய்யாமல் தொட்டி மூடியில் கை வைக்கவே வேண்டாம்) டியூபைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு முனையும் அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருந்தன. டியூப் கிழடாகிவிட்டால் எரிய அதிக வோல்டேஜ் கேட்கும், அது ஏறியதும் விளக்கு இன்னும் பற்றவில்லை என்று ஸ்டார்ட்டர் மறுபடி மறுபடி பற்றவைக்கப் பார்க்கும், அப்படியே புது ஸ்டார்ட்டரும் வீணாகும்.

சரி, புது டியூப் போட்டாயிற்று. அப்போதும் மூடியை லேசாகத் தட்டினால் அணைந்தது! பார்த்தால் ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு. தொட்டியிலிருந்து ஏறும் ஈரம், போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கம் வேறு. உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டுப் பூட்டினேன். தண்ணீருக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தகடும் வைத்துவிட்டேன்.

மூன்று மாதமாகச் சிமிட்டல் இல்லை. கடைக்காரர் மட்டும் இன்னும் சோக்கைப் பற்றி விசாரிக்கிறார்.