அசாம்போய் போட்ட ரோசெல் பனிச்சாறு

எங்கள் பீடோங்கில் டிசம்பர் பிறந்தால் மழை மெல்லப் பின்வாங்கும். விடியற்காலையில் போர்வையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குக் குளிரும். ஜனவரி வந்துவிட்டால் பால்மர இலைகள் சிவந்து உதிரத் தொடங்கும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்களுக்குக் குளிர்காலம் என்பது இவ்வளவுதான். பகல் 12 மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால்தான் எங்கள் வரிசை வீடுகளில் கிறிஸ்துமஸ் ஆனாலும் பொங்கல் ஆனாலும் கூடிச் சாப்பிடும் இடத்தில் பனிக்கட்டியாய் உறைந்த ஒரு பானம் வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்கறி சமைப்பார். பானம் என் பொறுப்பு.

இதில் ஒரு சொட்டு மதுவும் கிடையாது. சிறுவர்கள், மலாய் அண்டை வீட்டார், மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து மொண்டு கொடுக்க முடிய வேண்டும் என்பது எனக்கு முக்கியம். 1947இல் இதே பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொண்டர் படையினர் மறியல் செய்ததையும் போலீசார் அதைக் கலைத்ததையும் என் பாட்டி எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் புருஷனுக்காகக் காத்து நின்றவர் அவர். விருந்துக்கு வந்த ஆண்கள் வீட்டின் பின்பக்கம் ஒதுங்காமல் முன்வாசலிலேயே உட்கார்ந்து இரண்டாவது கிளாஸ் கேட்கிறார்கள் என்றால், பாட்டி அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குப் பானம் நன்றாக இருக்க வேண்டும். புளிப்பும் உப்பும் காரமும் நாக்கைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

20 பேருக்கு அளவு சொல்கிறேன். விதை நீக்கிய ரோசெல் அரைக் கிலோ, தண்ணீர் 2 லிட்டர், சீனி 400 கிராம், அசாம்போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம்) 12, கஸ்தூரி லீமா (சிறிய எலுமிச்சை வகை) 25, கட்டைவிரல் அளவு இஞ்சி.

ரோசெல் நம் புளிச்சைக் கீரையின் இனம். நாம் பூ என்று சொன்னாலும், பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றித் தடித்து நிற்கும் சிவப்பு இதழ்களைத்தான் எடுக்கிறோம். கொல்லையில் இரண்டு செடி இருந்தால் போதும், இல்லையென்றால் இரவுச் சந்தையில் கிடைக்கும். காம்புப் பக்கத்தைக் கத்தியால் வட்டமாகக் கீறி, உள்ளே இருக்கும் பச்சைக் காயைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். சிறிய சத்தத்தோடு காய் வெளியே குதிக்கும். கையில் சிவப்புக் கிண்ணம் போல இதழ் மட்டும் நிற்கும். 50 காய் உரித்தால் விரல்நுனிகள் கருஞ்சிவப்பாகிவிடும், இரண்டு நாளைக்குப் போகாது. என் கணவர் பழைய தொலைக்காட்சி ஆண்டெனாவின் குழாயை விரல் நீளத்துக்கு அறுத்து, ராவிக் கொடுத்திருக்கிறார். அதை அடியில் வைத்து அழுத்தினால் காய் அப்படியே மேலே வந்துவிடுகிறது. இந்த வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம், சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள்.

இதழ்களை இரண்டு முறை அலசி, தண்ணீரும் தட்டிய இஞ்சியும் சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் வேகவையுங்கள். அலுமினியம் வேண்டாம், இந்தப் புளிப்பு உலோகத்தை அரித்துச் சுவையைக் கெடுக்கும். கொதி வந்த பின் சிறு தீயில் 10 நிமிடம். இதழ்கள் வெளிறி, நீர் கருஞ்சிவப்பாகும். வடிகட்டிச் சூட்டோடு சூடாகச் சீனியைக் கரைத்து, அசாம்போயைப் போட்டு மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். அசாம்போய் சீனர் மளிகைக் கடையில் கண்ணாடிப் புட்டியில் இருக்கும். சாயம் ஏற்றிய சிவப்பு வகையைவிட, உப்புப் பூத்து வெளிறிக் கிடக்கும் உலர்ந்த வகை நல்லது. ஊறி உப்பிய பின் எடுத்துத் தனியே வையுங்கள், பரிமாறும்போது வேண்டும்.

நன்றாக ஆறிய பிறகுதான் லீமாச் சாறு. சூட்டில் விட்டால் அதன் வாசனை போய்விடும். வடிகட்டியின் மேல் பிழிந்தால் விதை விழாது. தோல் நசுங்கும்வரை பிழியாதீர்கள், கசக்கும்.

இப்போது சுவைத்துப் பாருங்கள். கொஞ்சம் அதிகமாகவே இனிக்க வேண்டும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வருடம் நீரிழிவு உள்ள என் தங்கையை நினைத்துச் சீனியைப் பாதியாகக் குறைத்தேன். மறுநாள் தட்டில் செங்கல் போல உறைந்திருந்தது. அம்மிக் குழவியால் உடைக்க வேண்டியதாயிற்று. உறையும்போது தண்ணீர் மட்டும் பனியாகிப் பிரிகிறது, சீனி எஞ்சிய சாற்றிலேயே தங்கி அதன் இனிப்பைச் செறிவாக்குகிறது. அந்தச் சாறு உறையாமல் பனித்துகள்களுக்கு நடுவே நிற்பதால்தான் கரண்டியில் அள்ள வருகிறது. மது கலந்த பனிப்பானங்களில் மதுவும் உறைநிலையைக் கீழே இறக்கித் தரும்; நமக்கு அந்த வேலையைச் சீனியும் அசாம்போயின் உப்பும் செய்கின்றன. கடையில் இயந்திரத்தில் சுற்றும் பனிச்சாற்றில் சீனியைக் குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கிளிசரின் சேர்ப்பதுண்டு. 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கிளிசரின் கலந்த பனிச்சாறு கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2025இல் அறிவுறுத்தியது. வீட்டில் செய்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம். தங்கைக்கு இப்போது சீனி சேர்ப்பதற்கு முன்பே ஒரு கிளாஸ் எடுத்து, இஞ்சியோடு சூடாகக் கொடுத்துவிடுகிறேன்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு சிறு கிளாஸ் போதும். ரோசெல் அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது, அசாம்போயிலோ உப்பு அதிகம். கர்ப்பிணிப் பெண்களுக்கு நான் ரோசெல் கொடுப்பதில்லை. லீமாவும் சீனியும் ஓர் அசாம்போயும் போட்டுத் தனியாக ஒரு கூஜா உறையவைக்கிறேன்.

உறையவைக்க அகலமான தட்டுதான் சரி. கட்டைவிரல் அகலத்துக்குமேல் ஆழம் வேண்டாம். உறைப்பெட்டியில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஓரங்களில் மட்டும் பனி கட்டியிருக்கும். முள்கரண்டியால் அதைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளுங்கள். பிறகு அரை மணிக்கொரு முறை இதையே செய்யுங்கள். நான்கைந்து முறை ஆனதும் ஈரமான கல்கண்டுத் தூள் போல, சிவப்பாக, தட்டு நிறைய மின்னும். முந்தின நாளே செய்து மூடி வைக்கலாம். பரிமாறுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன் வெளியே எடுத்து மறுபடி சுரண்டினால் இளகிவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் எங்கள் இரு வீட்டு உறைப்பெட்டியிலும் இறைச்சிதான் இருக்கும். அப்போது தோட்டத்தில் அப்பா செய்த வழிதான் கைகொடுக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அந்தக் காலத்தில் இரவில் சில மணி நேரம்தான் மின்சாரம். ஐஸ் பெட்டி ஏது? டவுனிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவருவார். பெரிய வாளியில் உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு என்று மாறி மாறிப் போட்டு, நடுவில் இறுக மூடிய தூக்குச்சட்டியைப் புதைப்பார். சட்டியில் முக்கால் அளவுதான் சாறு. கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 பாகைக்கும் மேல் இறங்கிவிடும், அதனால் வெறுங்கையால் தொடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் துடைத்துத் திறந்து, உட்சுவரில் படிந்த பனியை மரக்கரண்டியால் வழித்துவிட வேண்டும். துடைக்காமல் திறந்தால் உப்புநீர் உள்ளே வழிந்து எல்லாம் வீணாகும். முக்கால் மணி நேரத்தில் தயாராகிவிடும்.

எவர்சில்வர் டம்ளர்களை முன்பே குளிரவையுங்கள். அடியில் ஊறிய அசாம்போய் ஒன்று (தீரும்வரை), மேலே இரண்டு கரண்டி பனிச்சாறு, அதன்மேல் விளிம்புவரை குளிர்ந்த சோடா. நுரை இளஞ்சிவப்பாக எழும்பும்போதே கையில் கொடுத்துவிட வேண்டும். புதினா இலை இருந்தால் ஒன்று போடலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை.

மீந்ததை நீளமான ஐஸ் பைகளில் ஊற்றி முடிச்சுப் போட்டு உறையவைத்துவிடுவேன். மறுநாள் காலை பல் துலக்கிய கையோடு வரிசைப் பிள்ளைகள் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.