உம் கொட்டாமல் கேட்பது எப்படி: வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யத் தொடங்குபவர்களுக்கு

வாய்மொழி வரலாறு என்பது, மனிதர்கள் தம் வாழ்வை நினைவிலிருந்து சொல்லக் கேட்டுப் பதிவு செய்வது. அப்படி நான் முதன்முதலில் செய்த ஒலிப்பதிவு ஒன்றரை மணி நேரம் ஓடியது. வீடு திரும்பிக் கேட்டபோது, பேசிய மூதாட்டியின் குரலைவிட என் குரலே காதில் அதிகம் விழுந்தது. நான் அதிகம் பேசிவிடவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் 'உம்', 'ஆமாங்க', 'அப்படியா' என்று சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பதிவிலிருந்து ஒரு நிமிடத்தைக்கூடத் தனியாக வெட்டி எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவற்றை, புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன். தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யவும், கோப்பைக் கணினிக்கு மாற்றவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

யாரிடம் போவது

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் வாய்மொழி வரலாற்றுப் பதிவைத் தொடங்கியபோது, பொதுவாழ்வில் பெரும் பொறுப்பு வகித்தவர்களின் நினைவுகளே முதன்மையாகப் பதிவாயின. எளிய மக்களின் பக்கம் கவனம் திரும்பியது அதற்குப் பின்னர்தான். சிறிய அளவில் இன்றும் அதே சறுக்கல் நேர்கிறது. ஒரு பகுதிக்குள் நுழைந்து விசாரித்தால், எல்லோரும் ஒரே மனிதரைக் கை காட்டுவார்கள். அவர் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையை வைத்திருப்பார். அவரையும் பதிவு செய்யுங்கள். ஆனால் "என்கிட்ட சொல்றதுக்கு என்ன இருக்கு" என்று தயங்குபவரிடம் முதலில் போங்கள் என்பதே என் கருத்து.

முதல் சந்திப்புக்குக் கருவி எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். யார், எதற்காகக் கேட்கிறோம், பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லிவிட்டு வந்தால் போதும்.

ஒப்புதல்

ஒப்புதலை இரண்டு முறை பெறுங்கள். பேசுவதற்கு முன் வாங்கும் ஒப்புதல், பதிவு செய்வதற்கு மட்டுமே. தாம் என்ன சொல்லப்போகிறோம் என்பது அவருக்கே அப்போது தெரியாது. பேசி முடித்து, பதிவைக் கேட்ட பிறகு, அதை யாருக்குக் கொடுக்கலாம், பெயரை மறைக்க வேண்டுமா, எந்தப் பகுதியை நீக்க வேண்டும், எத்தனை ஆண்டுகள் கழித்து வெளியிடலாம் என்பவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்திடத் தயங்குபவர்களிடம் ஒலி வடிவில் ஒப்புதல் பெறலாம். அவர் கதையில் வரும் மற்றவர்கள் உங்களுக்கு ஒப்புதல் தரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்து வீட்டாரைப் பற்றிச் சொன்ன ஒரு வரி, வெளியிடப்பட்டால் ஒரு குடும்பத்தையே கலைத்துவிடக்கூடும்.

கருவியும் அறையும்

தொலைபேசியே போதும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆயினும் கையடக்க ரெக்கார்டரையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அதற்கு அழைப்பு வராது. தொலைபேசிதான் உள்ளது என்றால் விமானப் பயன்முறையை இயக்கிவிட்டுத் தொடங்குங்கள். இல்லையெனில் நடுவில் வரும் ஓர் அழைப்பு பதிவையே நிறுத்திவிடலாம். காணொளி வேண்டாம் என்பது என் பிடிவாதம். கேமரா எதிரே இருந்தால் பலர் நல்ல உடை மாற்றிக்கொண்டு, நல்ல மொழிக்கும் மாறிவிடுகிறார்கள்.

கோப்பு வடிவம் வேவ் (ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வடிவம்), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒரே சேனல்). இந்த அமைப்பில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 520 மெகாபைட் பிடிக்கும் என்பதால், மெமரி கார்டில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். எம்பி3 வடிவில் பதிவு செய்தால் இடம் மிச்சமாகும். ஆனால் அப்போது இழந்த ஒலி பிறகு திரும்பாது. கிளிப் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, உடையும் நகையும் உரசாத இடத்தில் மாட்டுங்கள். அவர் இயல்பாகப் பேசும்போது ஒலியளவு மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். சிரித்தாலோ குரலை உயர்த்தினாலோ அளவுகோலின் உச்சமான சுழியை (0 டெசிபல்) தொடாதபடி இடைவெளி இருக்க வேண்டும். சுழியைத் தொட்ட ஒலி உடைந்துவிடும், அதை ஒட்டவைக்க முடியாது. ஹெட்போன் மாட்டி ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

மின்விசிறியை நிறுத்த எல்லோருக்கும் தோன்றும். குளிர்பெட்டியின் முனகல் பதிவைக் கேட்கும்போதுதான் தெரியவரும். வீட்டாரிடம் கேட்டு அதை அணைத்தால், உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். மீண்டும் இயக்க மறந்து கிளம்பிவிட முடியாது.

எப்படிக் கேட்பது

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "அதெல்லாம் பொற்காலம்" என்ற பதில்தான் வரும். ஒரு மணி நேரம் இப்படியே கேட்டு, யாருடைய வாழ்க்கையும் இல்லாத ஒரு பதிவை நான் வைத்திருக்கிறேன். அதற்கு மாறாக, கண்ணை ஓர் இடத்தில் நிறுத்தும் கேள்வியைக் கேளுங்கள்: "சின்ன வயதில் இருந்த வீட்டின் வாசலில் நிற்கிறீர்கள். வலப்பக்கம் திரும்பினால் முதலில் என்ன தெரியும்?" இதே கேள்வியை இன்னொருவரிடம் கேட்டபோது, அவர் கை தானாகவே எழுந்து வலப்புறத்தைக் காட்டியது, அங்கிருந்து ஒவ்வொரு வீடாக, யார் இருந்தார்கள், யார் வெளியேறினார்கள் என்று நாற்பது நிமிடம் நான் குறுக்கிடாமலேயே சொல்லிக்கொண்டு போனார். வேலையைப் பற்றிக் கேட்பதானாலும் கையால் என்ன செய்தார், முதல் கூலியை யாரிடம் கொடுத்தார் என்றே கேளுங்கள்.

ஆண்டைக் கேட்டு நெருக்காதீர்கள். "மூத்த பிள்ளை பிறப்பதற்கு முன்பா, பிறகா?" என்றால் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். சொன்ன காலம் தவறாக இருந்தாலும் அங்கேயே திருத்த வேண்டாம். இத்தாலியின் டெர்னி நகரில் 1949-இல் நேட்டோ இராணுவக் கூட்டணிக்கு எதிரான ஊர்வலத்தின்போது லூயிஜி திராஸ்துல்லி என்ற எஃகு ஆலைத் தொழிலாளி காவலர்களால் கொல்லப்பட்டார். பின்னாளில் ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்தெல்லி அங்குள்ளவர்களிடம் கேட்டபோது, பலர் அந்தச் சாவை, ஆலையில் பெருந்திரளான ஆட்குறைப்பும் தெருச்சண்டையும் நடந்த 1953-இல் வைத்துச் சொன்னார்கள். ஆண்டு பிழைதான், ஆனால் எந்த இழப்பு அவர்களை உண்மையில் வதைத்தது என்பதை அந்தப் பிழையே காட்டியது. நீங்கள் குறுக்கிட்டுத் திருத்தியிருந்தால் அது பதிவிலேயே வந்திருக்காது. சரியான ஆண்டைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம்

இனி உம் கொட்டும் விஷயத்துக்கு வருகிறேன். கதை கேட்கிறவன் உம் கொட்ட வேண்டும் என்பது நமக்குச் சிறுவயதிலிருந்தே ஊறிய பழக்கம், கொட்டாவிட்டால் சொல்பவர் "கேக்கிறியா?" என்று நிறுத்திவிடுவார். ஆகவே வாயை மூடிக்கொள்வது மட்டும் தீர்வாகாது. இரண்டாவது முறை நான் அதைத்தான் செய்தேன். எதிரில் இருந்தவர், தாம் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதாக எண்ணிப் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்.

எனக்குப் பயன்பட்டது வேறு வழி. தொடங்குவதற்கு முன்பே அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: "நான் உம் கொட்டினால் உங்கள் குரல் மேல் விழுந்துவிடும். அதனால் தலையை மட்டும் ஆட்டுவேன். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்." பிறகு மேசைக்கு எதிரெதிராக அமராமல், முகம் தெரியும்படி சற்றே பக்கவாட்டில், முழங்காலுக்கு முழங்கால் ஒரு முழத்துக்குள் அமர்கிறேன். குறிப்பேட்டைக் குனிந்து பார்ப்பதில்லை. அவர் நிறுத்தினால் மனத்துக்குள் பத்து வரை எண்ணுகிறேன். முதன்முதலில் அந்தப் பத்து எண்ணிக்கை ஒரு யுகமாகத் தோன்றியது. ஆனால் பாதி நேரம், ஏழோ எட்டோ எண்ணும்போது, "அன்னைக்கு இன்னொண்ணும் நடந்துச்சு" என்று அவரே தொடர்வார். அந்த இன்னொன்றைக் கேட்கத்தான் நாம் போயிருக்கிறோம்.

கருவியை நிறுத்தியவுடன் முக்கியமானது ஒன்றைச் சொல்லத் தொடங்குவார்கள் என்பதும் அனுபவம். கள்ளத்தனமாக ஓடவிட்டுப் பதிவு செய்யாதீர்கள். "இதையும் பதியலாமா?" என்று கேளுங்கள்; மறுத்தால் விட்டுவிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

அன்றிரவே மூன்று பிரதிகள் எடுங்கள்: இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அவற்றில் ஒன்றாவது வேறொரு வீட்டில். கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தானாகவே அடுக்கி நிற்கும். மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கம் எதையும் செய்யாதீர்கள். செய்வதைப் பிரதியில் செய்யுங்கள்.

ஒருமுறை நிறுத்து பொத்தானை அழுத்தும் முன்பே பேட்டரி தீர்ந்து, கோப்பு 400 மெகாபைட் இருந்தும் திறக்க மறுத்தது. வேவ் கோப்பின் தலைப்பகுதி முறையாக எழுதி முடிக்கப்படாமல் போனதே காரணம். அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், இறக்குமதிப் பட்டியலில் உள்ள 'ரா டேட்டா' வழியாக, 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், ஒரு சேனல், 48000 என்று கொடுத்ததும் முழுக் குரலும் வந்தது. வெறும் இரைச்சலாகக் கேட்டால் தொடக்கப் புள்ளியை ஒரு பைட், இரண்டு பைட் என நகர்த்திப் பாருங்கள்.

பதிவைக் கேட்டு எழுத்தாகப் படியெடுப்பதற்கு ஈலான் என்ற மென்பொருள் சிறந்த கருவி. ஆயினும் தொடக்கத்தில் மிரட்டும். ஓடிரான்ஸ்கிரைப் என்ற இணையக் கருவியே போதுமானது. உலாவியிலேயே இயங்கும், ஒலிக்கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற மென்பொருள்கள் வட்டார வழக்கை எழுத்து வழக்காக மாற்றிவிடுவதோடு, மௌனம் நீளும் இடங்களில் யாரும் சொல்லாத வாக்கியத்தையும் சேர்த்துவிடக்கூடும். 'வந்தாக' என்றவரை 'வந்தார்கள்' என்று எழுதுவதும், 'வந்தினம்' என்றவரை 'வந்தாங்க' என்று எழுதுவதும் பிழைதிருத்தம் அல்ல. அவர் வாயிலிருந்து அவரது பேச்சைப் பிடுங்குவதாகும்.

பிற்சேர்க்கை

இதன் முதல் வடிவத்தைப் படித்து முயன்ற இருவருக்கு ஏற்பட்ட சிக்கல்கள் இவை. ஐபோனின் ஒலிப்பதிவுச் செயலியான வாய்ஸ் மெமோஸ் இயல்பாகச் சுருக்கிய வடிவில் பதிகிறது. அமைப்புகளில் ஒலித்தரத்தை 'லாஸ்லெஸ்' (ஒலி இழப்பற்றது) என மாற்றிய பிறகு தொடங்குங்கள். ஓடிரான்ஸ்கிரைப் நீங்கள் தட்டச்சு செய்ததை உலாவியின் நினைவகத்தில்தான் வைத்திருக்கிறது. உலாவித் தரவுகளைத் துடைத்த ஒருவர் பதினோரு பக்கங்களை இழந்தார். ஆகவே ஒவ்வொரு முறை எழும்போதும் கோப்பாக ஏற்றுமதி செய்துவிட்டு எழுங்கள்.