ஃபில்டர் இல்லாத செடித்தொட்டி: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்தொட்டியில் ஓடும் ஃபில்டர், மிதக்கும் தூசியைப் பிடித்து வைப்பதோடு நிற்பதில்லை. மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதன் பஞ்சில்தான் குடியிருக்கின்றன; தண்ணீரின் மேற்பரப்பை அசைத்து ஆக்ஸிஜனைக் கரைய வைப்பதும் அதுவே. அதை எடுத்துவிட்டால் இந்த வேலைகள் எல்லாம் செடிகள், மண், மணல் ஆகியவற்றின் தலையில் விழுகின்றன. அவற்றால் அதைச் செய்ய முடியும். வேகமாக வளரும் நீர்ச்செடி அம்மோனியாவை நேரடியாகவே உணவாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அதைத்தான் முதலில் நாடும். ஆனால் வேர்பிடித்து வளர்கிற செடிதான் அதைச் செய்யும். நேற்று நட்ட செடி செய்யாது. ஃபில்டர் இல்லாத தொட்டிகளில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

முதல் தவறு மண்ணில் நேர்கிறது. செடிக்குச் சத்து வேண்டும் என்று எண்ணி, நர்சரியில் கிடைக்கும் செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு கலந்த கலவையை அப்படியே கொட்டுகிறார்கள். தொட்டிச் செடிக்கு அருமையான அந்தக் கலவை தண்ணீருக்கடியில் அழுகத் தொடங்கும். நார் மிதக்கும், தண்ணீர் தேநீர் நிறமாகும், அம்மோனியா பல வாரங்களுக்கு இறங்காது. உரம், சாணம், பூச்சிமருந்து எதுவும் சேராத சாதாரணத் தோட்ட மண்ணே போதும். அதைச் சலித்து, வேர்த்துண்டுகளையும் சருகையும் நீக்கி, நீரில் ஊறவைத்து, மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை வடித்து, வெயிலில் உலர்த்த வேண்டும். இதை மூன்று நான்கு முறை திரும்பச் செய்தால், எளிதில் அழுகக்கூடியவற்றில் பெரும்பகுதி தொட்டிக்கு வெளியிலேயே மக்கித் தீர்ந்துவிடும்.

மண்ணின் கனம் அடுத்தது. ஓர் அங்குலத்திற்கு மேல் மண்ணும், அதன்மேல் ஓர் அங்குலத்திற்கு மேல் மணலும் தேவையில்லை. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டிக்கு ஏறத்தாழ நாலரை லிட்டர் மண் போதும் என்றால், ஒரு மூட்டை வாங்கி வந்தவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. மண் கனமாக இருந்தால் அடியில் ஆக்ஸிஜன் எட்டாமல் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு உருவாகும். ஈர்க்குச்சியால் மெல்லக் குத்தும்போது குமிழி எழுந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுதான். வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரைன் போன்ற ஆழமாக வேர்விடும் செடிகள் வேர்வழியே ஆக்ஸிஜனைக் கசியவிட்டு இதைத் தடுக்கும் என்பதால், மண் இருக்கும் இடமெல்லாம் வேரும் இருக்க வேண்டும். மேலே பரப்பும் மணல் நன்கு கழுவிய, இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள மணலாக இருக்கட்டும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் உண்டு. சந்தேகமிருந்தால் ஒரு பிடி மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, செடியில் சிக்கனம். நான்கு மூலையில் நான்கு செடி வைத்து, வளர்ந்து பரவட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் பாசி முந்திக்கொள்ளும். முதல் நாளே தரையில் முக்கால் பங்கு மறையும்படி நட வேண்டும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் அழகானவை, ஆனால் மிக மெதுவாக வளர்பவை. அவற்றை மட்டும் நம்பி ஃபில்டரைக் கைவிட முடியாது. ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட், வாட்டர் விஸ்டீரியா போன்ற மலிவான, வேகமான செடிகளே இங்கு உண்மையான உழைப்பாளிகள். மிதக்கும் செடிகளையும் மறக்கக் கூடாது. சால்வீனியாவும் ஆகாயத்தாமரையும் கார்பன் டை ஆக்ஸைடைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால், நீருக்குள் இருக்கும் செடிகள் அதற்காகத் தவிக்கும்போதும் அவை தடையின்றி வளர்ந்து கழிவை உறிஞ்சும். மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடாதபடி வாரந்தோறும் அள்ளிவிட்டால் போதும். கடையிலிருந்து வந்த செடிகளில் பல நீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. நட்ட சில நாட்களில் அவற்றின் பழைய இலைகள் கண்ணாடிபோல் மெலிந்து கரையும். பதறிப் பிடுங்க வேண்டாம். கரையும் இலையைக் கத்தரித்து எடுத்துவிட்டால், அதே தண்டிலிருந்து நீருக்கேற்ற புது இலை வரும்.

எல்லாத் தவறுகளிலும் அதிக மீன்களைக் கொல்வது, அவசரப்பட்டு மீன் விடுவதுதான். தண்ணீர் தெளிந்ததும் தொட்டி தயாராகிவிட்டது என்று நினைக்கிறோம். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை மிக்கது என்பதால் ஆபத்து இன்னும் கூடுகிறது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவான பி.எச். 7-இல், 25 டிகிரி வெப்பத்தில், தண்ணீரிலுள்ள மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே மீனைத் தாக்கும் நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது ஐந்து பங்கைத் தாண்டும், 30 டிகிரியில் ஏழு பங்கைத் தாண்டும். ஆகவே நான்கு முதல் ஆறு வாரங்கள் செடிகளோடு மட்டும் தொட்டியை ஓடவிட்டு, புது இலைகள் விடுவதைக் கண்டு, சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று வந்த பிறகே மீன் விட வேண்டும். இந்த இடைவெளியில் வேறொரு பொறுப்பு உண்டு. மீன் இல்லாத, அசையாத தண்ணீரில் கொசு முட்டையிடும். நம் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் அது பறந்துவிடும். தொட்டியின் வாயைக் கொசுவலைத் துணியால் இடைவெளியின்றி மூடுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

எந்த மீன் என்பதில் ஆசைக்கு இடமில்லை. சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் செடிகளும் ஆக்ஸிஜனைச் செலவழிப்பதால் விடியற்காலையில் அது மிகக் குறைந்திருக்கும். காலை ஆறு மணிக்கு மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்று, நண்பகலில் இயல்பாக நீந்தினால், நோய் என்று மருந்து ஊற்றாதீர்கள். மீன் அதிகம் என்று பொருள். அன்றிரவே ஒரு சிறு ஏர் பம்பை ஓடவிடுவதில் எந்தக் குற்றமும் இல்லை. மேலே எண்ணெய்ப்படலம் படிந்திருந்தாலும் காற்று கரையாது. ஒரு டிஷ்யூ தாளை நீரின் மேல் விரித்து மெல்ல இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்ல சண்டை மீன் ஒன்றோ, ஏழெட்டுக் கப்பிகளோ மேலே சொன்ன இரண்டடித் தொட்டிக்குப் பொருந்தும். கப்பிகள் பெருகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கோல்ட் ஃபிஷ் வேண்டாம். செடியைத் தின்னும், மண்ணைக் கிளறும், கழிவும் மிகுதி. சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் டேங்க் கிளீனர் ஓரடிக்கு மேல் வளரும் மீன், அது எடுக்கும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம்.

விளக்கு முதல் மாதத்தில் நாளுக்கு ஆறு அல்லது ஏழு மணி நேரம் எரிந்தால் போதும். நேரடி வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். சித்திரை வெயிலில் சிறிய தொட்டி அடுப்பில் வைத்த பாத்திரம் போலாகிவிடும்.

ஆவியான அளவுக்குப் போர்வெல் தண்ணீரையே ஊற்றி நிரப்புவது பலரும் அறியாமல் செய்யும் தவறு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். சில மாதங்களில் மீனும் செடியும் தாங்காத கடினநீராக அது மாறும். குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. நீரோ சுத்தமான மழைநீரோ நல்லது. மாநகராட்சிக் குழாய்நீரானால் குளோரின் நீக்கும் திரவம் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

தொட்டி நிலைபெற்ற பிறகு வரும் தவறு, அளவுக்கு மீறிய சுத்தம். முழு நீரையும் மாற்றி, மணலை எடுத்துக் கழுவி, கண்ணாடியைத் தேய்த்து வைத்தால், அங்கு ஒட்டி வாழ்ந்த பாக்டீரியாக்கள் போய்விடும்; தொட்டி மீண்டும் முதல் வாரத்திற்குத் திரும்பும். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்து, பழுத்த இலைகளை எடுத்து, தேவைப்படும்போது கால்பங்கு நீரை மாற்றினால் போதும். நத்தையைக் கொல்ல எண்ணிச் செம்பு கலந்த மருந்தை ஊற்றினால், செத்த நத்தைகள் எல்லாம் ஒரே நாளில் அழுகி அம்மோனியாவாகும். நத்தை பெருகுவது இரை அதிகம் என்பதற்கான அடையாளம், இரையைக் குறைத்தால் அதுவும் குறையும். வெட்டிய செடிகளையும் மிஞ்சிய மீன்களையும் ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர் இன்று நம் நீர்நிலைகளில் பரவிக் கிடப்பது அப்படி விடப்பட்டதால்தான். செடிகளை மொட்டைமாடியில் சருகாகும்வரை காயவைத்து உரக்குழியில் போடுங்கள்; மீன்களை வளர்க்கும் நண்பரிடமோ வாங்கிய கடையிலோ கொடுத்துவிடுங்கள்.