நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய்: மருந்து ட்ரயல் தேடுவது எப்படி? மலையக வீடுகளுக்கு ஒரு செய்முறை

அத்தைக்கு மார்பகத்தில் ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம் கழித்து விடாத இருமல் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் சளி மருந்து கொடுத்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் காசநோயா என்று சளி டெஸ்ட் எடுத்தார்கள். கடைசியில் ஸ்கேன். "நெஞ்சுக்குப் பரவியிருக்கு" என்றார்கள். அன்று இரவே கட்டாரில் இருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பை அனுப்பினான்: "புது மருந்து ட்ரயல் நடக்குதாம், அத்தையைச் சேர்க்க முடியுமா பாருங்கக்கா."

அதற்குப் பதில் தேடப் போய் ஆறு மாதம் அலைந்தேன். அதில் பாதி அலைச்சல் தேவையே இல்லாதது. நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். எந்த மருந்து நல்லது என்று சொல்ல எனக்குத் தெரியாது. எதை எங்கே தேடுவது, கண்டதை எப்படிப் படிப்பது, டாக்டரிடம் எப்படிக் கேட்பது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

தொடங்கும் முன்: ட்ரயல் என்றால் என்ன?

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம் ஆட்களுக்குத் தெரியும். 1925இல் தொடங்கியது. அங்கே புதிய தேயிலை வகை ஒன்றை உருவாக்கினால் மறுநாளே எல்லாத் தோட்டத்துக்கும் கன்று அனுப்புவதில்லை. முதலில் சிறிய பாத்தியில் நட்டுப் பிழைக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் கொஞ்சம் பெரிய இடம். அதன்பிறகு பழைய வகையைப் பக்கத்திலேயே நட்டு, ஒரே மழை, ஒரே உரம் கொடுத்து, எது அதிகம் கொழுந்து தருகிறது என்று வருடக்கணக்கில் எடை போடுவார்கள்.

மருந்து ட்ரயலும் அப்படித்தான். முதல் கட்டத்தில் சிலருக்கு மட்டும் கொடுத்து எவ்வளவு அளவு உடம்பு தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் பழைய சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பிடுவார்கள். யாருக்குப் புதியது, யாருக்குப் பழையது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கல் மாதிரி தீர்மானிக்கும். டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நாமும் முடியாது.

இதிலிருந்து வருவது ஒன்று உண்டு, வீட்டில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்: ட்ரயல் என்பது "இந்த மருந்து நல்லதா?" என்ற கேள்வி. பதில் தெரிந்திருந்தால் ட்ரயலே நடக்காது. "சும்மா மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவார்களாமே" என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பலன் தரும் சிகிச்சை ஏற்கெனவே இருக்கிற நோயில் அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை மட்டும் கொடுப்பது வழக்கமில்லை. வெறும் மாத்திரை இருக்கும் ட்ரயல்களில் பெரும்பாலும் பழைய சிகிச்சை எல்லோருக்கும் இருக்கும். அதன்மேல் புதியதையோ வெறும் மாத்திரையையோ சேர்ப்பார்கள்.

படி 1: நோயின் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். நெஞ்சில் இருக்கிறது என்றதும் "நுரையீரல் புற்றுநோய்" என்று போட்டு இரண்டு வாரம் தேடினேன். வந்ததெல்லாம் அத்தைக்குச் சம்பந்தமில்லாதவை.

மார்பகத்தில் தொடங்கி நுரையீரலுக்குப் போனது மார்பகப் புற்றுநோய்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டு வாயில் தொடங்கியது நெஞ்சுக்கு இறங்கினாலும் அது வாய்ப் புற்றுநோய்தான். குடல், சிறுநீரகம், கருப்பை வாய் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நம் ஊர்க்காரர் கொழும்புக்குக் குடிபோனாலும் அவருடைய ஊர் ஹட்டன்தானே? பரவிய கட்டி தொடங்கிய இடத்தின் குணத்தோடுதான் இருக்கும், மருந்தும் அதற்கேற்றதுதான். தொடங்கிய இடத்தை டாக்டர்கள் பிரைமரி என்பார்கள், பரவியதை மெட்டாஸ்டேசிஸ் அல்லது சுருக்கமாக மெட்ஸ் என்பார்கள்.

படி 2: ஒரு தாள் எழுதுங்கள்

மற்றப் படிகள் எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். வீட்டில் சொப்பிங் பேக்குக்குள் திணித்து வைத்திருக்கும் கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், பயாப்சி (கட்டியில் சிறிது சதை எடுத்துப் பார்த்த) ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் தரையில் பரப்பித் தேதி வாரியாக அடுக்குங்கள். பிறகு ஒரே தாளில் எழுதுங்கள்:

வயது. நோய் தொடங்கிய இடம். பயாப்சி எடுத்த தேதி, அதில் உள்ள முடிவு.

மார்பகம் என்றால் ஈஆர், பீஆர் (இரண்டும் ஹோர்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) என்ற மூன்றும் பொசிட்டிவா நெகட்டிவா. குடல் என்றால் கேராஸ், எம்எஸ்ஐ என்ற கட்டியின் மரபணு டெஸ்ட் செய்திருந்தால் அதன் முடிவு. இந்த வரி இல்லாமல் தேடுவதில் பயனில்லை, பெரும்பாலான புதிய மருந்துகள் இவற்றைப் பார்த்தே கொடுக்கப்படுகின்றன.

இதுவரை செய்த சிகிச்சைகள்: ஆபரேஷன், கரண்ட் பிடித்தது (கதிர்வீச்சு), ஊசி மருந்து. எந்த மருந்து, எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது, ஏன் நிறுத்தியது.

கடைசி ஸ்கேனில் நுரையீரலில் எத்தனை கட்டி, எத்தனை மில்லிமீற்றர். மூளை, ஈரல், எலும்பில் உண்டா.

கடைசி இரத்தப் பரிசோதனை, முக்கியமாக ஹீமோகுளோபின். சீனி, பிரஷர் போன்ற மற்ற நோய்களும் அவற்றுக்கான மருந்துகளும். குடிக்கிற கசாயம், நாட்டு மருந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள், சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

அப்புறம் ஆள் எப்படி நடமாடுகிறார் என்பது. இதை ஈகோக் என்ற அளவால் குறிப்பார்கள். பழையபடி மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்க முடிந்தால் 0. மலை ஏற முடியாது, வீட்டில் இலேசான வேலை முடியும் என்றால் 1. தன் வேலையைத் தானே பார்க்கலாம், மற்ற வேலை முடியாது, ஆனாலும் பகலில் பாதிக்கு மேல் எழுந்திருக்கிறார் என்றால் 2. பாதிக்கு மேல் படுக்கை, நாற்காலி என்றால் 3. முழுவதும் படுக்கை என்றால் 4. பெரும்பாலான ட்ரயல்கள் 0, 1 உள்ளவர்களைத்தான் எடுக்கின்றன. சில 2 வரை போகும்.

ரிப்போர்ட் இல்லாவிட்டால் சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியில் கேளுங்கள். எங்கள் பயாப்சி ரிப்போர்ட்டை ஓரிடத்தில் தொலைத்துவிட்டு, எங்களிடமே "நீங்கள்தானே வைத்திருக்க வேண்டும்" என்றார்கள். அன்றிலிருந்து மூலத்தை யாரிடமும் கொடுப்பதில்லை. போட்டோ கொப்பி எடுத்து, போனிலும் படம் பிடித்து வைக்கிறேன்.

படி 3: தேடுங்கள்

மூன்று இடம் போதும். முதலாவது இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் இலங்கை கிளினிக்கல் ட்ரயல் பதிவேடு, 2006இல் தொடங்கியது. இரண்டாவது இந்தியாவின் பதிவேடான சீடிஆர்ஐ. மூன்றாவது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் கிளினிக்கல்ட்ரயல்ஸ் டொட் கொவ். மூன்றையும் பார்க்கக் காசு வேண்டாம். தேடுவது ஆங்கிலத்தில்தான், ஏ.எல். படிக்கும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அமெரிக்கப் பதிவேட்டில் நோய்க்கான கட்டத்தில் தொடங்கிய இடத்தைப் போடுங்கள், உதாரணமாக "பிரெஸ்ட் கேன்சர்". மற்றச் சொற்களுக்கான கட்டத்தில் "மெட்டாஸ்டாட்டிக்" என்று போடுங்கள். "லங் மெட்டாஸ்டேசிஸ்" என்று மட்டும் போட்டால் கொஞ்சம்தான் வரும். பரவிய நோய்க்கான ட்ரயல்களில் பெரும்பாலானவை எங்கே பரவியது என்று பார்க்காமல் எடுப்பவை, நுரையீரல் என்ற சொல்லே அவற்றில் இருக்காது. இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

நாட்டுக்கான கட்டத்தில் இலங்கை, அப்புறம் இந்தியா. நிலையைப் பார்க்கும்போது "ரெக்ரூட்டிங்" என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள், அதுதான் ஆள் சேர்ப்பது. "ஆக்டிவ், நொட் ரெக்ரூட்டிங்" என்பதைப் பார்த்து நான் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷப்பட்டேன். ஆய்வு நடக்கிறது, கதவு மூடியாயிற்று என்பதுதான் அதன் பொருள்.

கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எண் இருக்கும். அமெரிக்கப் பதிவேட்டில் என்சிடி என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும். அதை எழுதிக்கொள்ளுங்கள், டாக்டரிடம் பேச அந்த எண் போதும். இன்னொன்று, பதிவேட்டில் இருப்பதால் மட்டும் ஒரு ட்ரயலை அரசாங்கம் பார்த்து நல்லது என்று சொன்னதாக ஆகாது.

படி 4: நிபந்தனைகளைத் தாளோடு ஒட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு ட்ரயலிலும் சேர்ப்பதற்கான நிபந்தனை ஒரு பட்டியல், விலக்குவதற்கானது இன்னொன்று. ஒவ்வொரு வரியையும் தாளோடு ஒப்பிட்டுச் சரி, இல்லை, தெரியாது என்று பென்சிலால் குறியுங்கள். "தெரியாது" என்பவைதான் டாக்டரிடம் கேட்க வேண்டியவை.

நம் பெண்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இரத்தக் குறைவு. ஹீமோகுளோபின் 9க்குக் குறையக் கூடாது என்று பல ட்ரயல்களில் இருக்கும். அத்தைக்கு 8.1. மற்ற எல்லா வரியும் சரியாக வந்த ஒரே ட்ரயல் அந்த ஒரு வரியில் நின்றுபோனது. முன்பே தெரிந்திருந்தால் டாக்டரிடம் சொல்லி அதைச் சரிப்படுத்த முயன்றிருக்கலாம்.

கட்டி அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். ஸ்கேனில் பொதுவாக 10 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். முந்திய மருந்தை நிறுத்திச் சில வாரம் ஆகியிருக்க வேண்டும் என்பதும் வழக்கம். அதற்காக யாரையும் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு ட்ரயல் முடிந்தபின் என்ன தெரியவரும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சேபர் கொமெட் என்ற ட்ரயல். ஐந்து கட்டிக்கு மேல் பரவாத 99 பேரை 2012 முதல் 2016 வரை கனடா, ஸ்கொட்லாந்து, நெதர்லாந்து, அவுஸ்திரேலியாவில் சேர்த்தார்கள். 33 பேருக்கு வழக்கமான சிகிச்சை. 66 பேருக்கு அதோடு பரவிய கட்டிகளைக் குறிவைத்த பலமான கதிர்வீச்சு. முதல் குழுவில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 28 மாதம், இரண்டாவதில் 41 மாதம். ஆனால் அந்த 66 பேரில் 3 பேர் சிகிச்சையாலேயே இறந்தார்கள். இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்கப் பழகுங்கள். வாட்ஸ்அப்பில் முதல் எண் மட்டும்தான் வரும்.

குடல் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவினால் வெட்டி எடுப்பது நல்லதா என்று பார்த்த புல்மிக் ட்ரயல், போதிய ஆள் கிடைக்காமல் 93 பேரோடு நின்றது. வெட்டாதவர்களும் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம், வெட்டியவர்களைப் போலவே இருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல அந்த எண்ணிக்கை போதாது. ஆனால் "வெட்டினால்தான் பிழைப்பு" என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் பொறுத்துக் கேட்கலாம்.

படி 5: வழியையும் பேரையும் (தோட்டத்து நாள் சம்பளம்) கணக்குப் போடுங்கள்

மூன்று வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்றால் வருடத்தில் பதினேழு பயணம். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை என்றால் பண்டாரவளைப் பக்கத்தார் இரத்தினபுரி வழியாகக் கொழும்பு போகும் பஸ்ஸில் ஏறி அங்கேயே இறங்கிவிடலாம். ஹட்டன் பக்கத்தார் அவிசாவளை வந்து மாறலாம். கண்டி, பதுளை ஆஸ்பத்திரிகளிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, எந்தப் பரிசோதனையை அங்கேயே எடுக்கலாம் என்று கேளுங்கள். கூடப் போகிறவருக்கு அன்றைய பேர் போகும். சென்னை, வேலூர் என்றால் விசா, வாடகை அறை, திரும்பத் திரும்பப் பயணம். பயணச் செலவு தரும் ட்ரயல்கள் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

சேர்ப்பதற்குக் கட்டணம் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். எங்களிடம் ஒருவர் போனில் "பதிவுக் காசு" கேட்டார். பதிவு எண்ணைச் சொல்லுங்கள் என்றேன், லைன் கட்டாகிவிட்டது.

படி 6: கிளினிக்கில் ஐந்து நிமிடம்

வரிசை நீளம், டாக்டருக்கு நேரமில்லை. தாளை மேலே வையுங்கள், ட்ரயல் எண்ணைக் கீழே எழுதுங்கள். "டொக்டர், இந்த ட்ரயல் அத்தைக்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் எந்த வரியால்? இதில் சேராவிட்டால் அடுத்து என்ன சிகிச்சை?" மூன்றே கேள்வி. சிங்களம் சரியாக வராவிட்டால் முதல் நாளே எழுதி மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

படி 7: கையெழுத்துக்கு முன்

சம்மதப் பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்காமல் வாங்கும் கையெழுத்து சம்மதமே இல்லை. படிக்கத் தெரியாதவர் என்றால் ட்ரயலோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிக்க நேரம் கேளுங்கள், ஒரு பிரதியும் வாங்குங்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி உண்டா, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி உண்டா, மருந்தால் பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, இரவில் மூச்சு முட்டினால் யாருக்குப் போன் செய்வது, ட்ரயல் முடிந்தபின் மருந்து தொடருமா, இவ்வளவையும் கேளுங்கள். எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

ஒன்றும் பொருந்தவில்லை என்றால்

பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். அத்தை எந்த ட்ரயலிலும் சேரவில்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்த டாக்டர், ஹெர்2 முடிவு எழுதாமல் விடுபட்டிருந்ததைக் கவனித்து அதைத் தேடி எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்த பிறகு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும் வேறு மருந்துக்கு மாற்றினார். மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் தனியாகப் பார்க்கிறவர்களிடமும் அனுப்பினார். நெஞ்சில் கட்டியிருந்த நீரை எடுத்ததும் அத்தை படுத்துத் தூங்கினார், அதற்கு முன் இரண்டு வாரம் சுவரில் சாய்ந்தபடிதான் தூக்கம்.

ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் தாளில் தேதியை மாற்றுங்கள், கட்டியின் அளவையும் ஹீமோகுளோபினையும் திருத்துங்கள், படி 3க்குத் திரும்புங்கள். பழைய தாளைக் கிழிக்க வேண்டாம், பின்னால் ஊசி குத்தி வையுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் தேடலை விட்டுவிட்டு 1990க்கு அடியுங்கள், ஆம்புலன்ஸுக்குக் காசில்லை. லயத்துக்குள் வண்டி வராவிட்டால் எந்த முச்சந்தியில் நிற்பது என்பதையும் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.