கத்திப் பாடம் நடத்தாதீர்கள்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த மூன்றாவது வாரம் எந்த ஸ்டாஃப் ரூமுக்குப் போனாலும் ஒருவருக்காவது தொண்டை கட்டியிருக்கும். கோடை விடுமுறையில் ஓய்ந்திருந்த குரலை முதல் நாளிலிருந்தே ஐந்தாறு பாடவேளைக்கு இழுத்தால் வேறென்ன ஆகும்? பனங்கற்கண்டு, மிளகுப் பால், சித்தரத்தைத் துண்டு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கத்தியதுதான் காரணம் என்று மட்டும் யாரும் வாய்திறக்க மாட்டார்கள். கடைசி பெஞ்சு வரை கேட்கிற கணீர்க் குரல்தான் நல்ல டீச்சருக்கு அடையாளம் என்று நம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது.

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. சாதாரணமாகப் பேசும்போதே பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 தடவையும், ஆண்களுக்குச் சுமார் 120 தடவையும் அவை ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. கத்தினால் எண்ணிக்கையும் கூடும், மோதும் வேகமும் கூடும். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுவதுபோல, அதிகம் மோதுகிற இடத்தில் இரண்டு பக்கமும் சிறு முடிச்சு விழும். அது விழுந்தால் நாண்கள் முழுக்க மூடாது. இடையில் காற்று கசிந்து குரல் கரகரக்கும், மேல்சுருதி எட்டாது. பெண் ஆசிரியர்களிடம் இது அதிகம். பெரும்பாலான முடிச்சுகளுக்குக் கத்தி வைக்க வேண்டியதில்லை, குரல் பயிற்சியிலேயே கரைந்துவிடும். ஆனால் பேசும் முறையை மாற்றாவிட்டால் திரும்பவும் வரும்.

முதல் தவறு, இரைச்சலோடு போட்டி போடுவது. பிள்ளைகளுக்குப் பாடம் தெளிவாகக் கேட்க, ஆசிரியர் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாக இருக்க வேண்டும். வகுப்பு நேரத்தில் சுற்றுச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்ன அளவு. தகரக் கூரை, கடகடக்கும் மின்விசிறி, தட்டிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு என்று இருக்கும் அறையில் சத்தம் 60 என்று வையுங்கள். நீங்கள் 75-இல் பேச வேண்டும். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. நீங்கள் குரலை ஏற்றினால் பிள்ளைகளும் ஏற்றுவார்கள், அது கேட்டுப் பக்கத்து வகுப்பு டீச்சரும் ஏற்றுவார்.

எனவே குரலைத் தொடுவதற்கு முன் அறையைப் பாருங்கள். எண்ணெய் காணாத மின்விசிறியைச் சரிசெய்யச் சொல்லுங்கள், வராந்தா பக்கக் கதவைச் சாத்துங்கள். ‘சைலன்ஸ்’ என்று கத்தாமல் கைத்தட்டு ஒன்றைப் பழக்குங்கள்: நீங்கள் மூன்று தட்டினால் அவர்கள் இரண்டு தட்டி அமைதியாக வேண்டும். ஒரு வாரம் விடாமல் செய்தால் படிந்துவிடும். அதன்பின் அமைதி வரும்வரை வாய் திறக்காதீர்கள். பாதியில் பேச ஆரம்பித்தீர்களோ, பழக்கம் அன்றைக்கே கெட்டது.

கரும்பலகையில் எழுதிக்கொண்டே விளக்குவது இன்னொரு வீண் செலவு. முகம் பலகையைப் பார்க்கிறது, குரலும் அங்கேதான் போகிறது, பின்வரிசைக்குக் கேட்க இன்னும் கூட்டுகிறீர்கள். எழுதி முடியுங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள். விளக்கம் சொல்ல இரண்டு வரிசைக்கு நடுவே போய் நில்லுங்கள். சாக்பீஸ் தூசு எரிச்சல் தருமென்றால் ஈரத் துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மைதானத்தில் நிற்கும் பி.டி. ஆசிரியருக்கு விசில் போதும்.

இடுப்பில் மாட்டும் சிறு ஸ்பீக்கர், தலையில் மாட்டும் மைக் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. ஒரு வகுப்பறைக்கு 5 முதல் 10 வாட் தாராளம். மைக் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது, உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். அதை மாட்டிக்கொண்டும் பழைய வேகத்திலேயே கத்துபவர்கள் உண்டு. எதிரே உட்கார்ந்தவரிடம் பேசும் அளவுக்குக் குரலை இறக்கிவிட்டு, அதற்கேற்ப ஒலியைக் கூட்டுவதுதான் முறை.

தொண்டை கட்டிய பிறகு செய்யும் தவறுகள் தனி ரகம். குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுப்பார்கள். அதிலும் பலருக்குக் குரல்வளை இறுகத்தான் செய்யும். மெதுவாகப் பேசுங்கள், அல்லது பேசாமல் இருங்கள். நிமிடத்துக்கொரு தரம் கனைப்பது நாண்களை ஓங்கி அறைவதற்குச் சமம், கனைக்கத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். மென்தால் மிட்டாய் குளுகுளுவென்று ஆற்றுவதுபோல் இருந்தாலும் சிலருக்குத் தொண்டையை உலர்த்தும். விழுங்குவதெல்லாம் உணவுக்குழாய் வழியே போகிறது. மிளகுப் பாலோ தேனோ குரல்நாணைத் தொடுவதே இல்லை, தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். அதிமதுரத்தைத் தினமும் மெல்லும் பழக்கம் இருந்தால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஏற்றிவிடும். வெறும் நீராவி பிடிப்பது நேரே நாண்கள் வரை போகும், அதற்குப் பயன் உண்டு.

காலையில் கிளம்பும் முன் ஒரு பயிற்சி. டம்ளரில் பாதி தண்ணீர், ஒரு ஸ்ட்ரா. நுனி 2 சென்டிமீட்டர் மட்டும் மூழ்கட்டும். ‘ஊ’ என்று மெல்லக் குரல் கொடுத்தபடி குமிழி விடுங்கள், கீழ்ச்சுருதியிலிருந்து மேல்சுருதிக்கும் திரும்பக் கீழுக்கும். ஐந்து நிமிடம் போதும். கழுத்து நரம்பு புடைத்தால் அழுத்தி ஊதுகிறீர்கள் என்று பொருள்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாணைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். சளியோ காய்ச்சலோ இல்லாமல், காலையில் மட்டும் கரகரவென்றிருந்து வாயும் புளித்தால், இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பதால் எதுக்களிக்கும் அமிலமாக இருக்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

குரலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பல பள்ளிகளில் டீச்சர்கள் குடிக்காமல் இருப்பது கழிவறைக்குப் பயந்து. மாணவிகளுக்கும் டீச்சர்களுக்கும் ஒரே கழிவறை, தாழ்ப்பாள் இல்லை, இடைவேளை பத்து நிமிடம், அதிலும் மேற்பார்வை டியூட்டி. காலை எட்டு மணிக்குப் போனவர் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துதான் போகிறார். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வருகிறது. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போயாக வேண்டும். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் பாடவேளைக்கு இரண்டு மிடறாகப் பிரித்தால் உடல் பிடித்துவைத்துக்கொள்ளும், அவசரமும் வராது. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் அளவு சரி. எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம், அன்றே மருத்துவமனை. தாழ்ப்பாளுக்கும் தண்ணீருக்கும் தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஓயாதீர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

கடை ஊழியர்கள் உட்காருவதற்கு 2021-இல் தமிழ்நாடு சட்டமே போட்டது. பல தனியார் பள்ளிகளில் இன்றைக்கும் வகுப்பில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. நடப்பதைவிட, ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுதான் காலின் ரத்தக் குழாய்களுக்குக் கெடுதல். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் மேலேறும். பிள்ளைகள் எழுதும் நேரத்தில் குதிகாலை 15 தடவை உயர்த்தி இறக்குங்கள். கால் ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டவர்கள் (வெரிகோஸ் வெயின்) அழுத்தக் காலுறையை மருத்துவர் சொன்ன அளவில் வாங்கிக் காலையில் கால் வீங்கும் முன்பே மாட்ட வேண்டும், மதியம் மாட்டினால் பயன் குறைவு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, வாட்ஸ்ஆப்பில் இரவு ஒன்பதரைக்கு வரும் ‘உடனடி’ விவரம் ஆகியவற்றைப் படுக்கையில் வைத்து முடிப்பதும் தவறுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 27 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர மற்ற கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பத் தடை விதிக்கிறது. பதிவேற்றத்தை அது நேரே தொடவில்லை. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் என்கிறது. ஒரு மாதம் உங்கள் மணிக்கணக்கை நோட்டில் எழுதுங்கள். ‘வேலை அதிகம்’ என்று புலம்புவதைவிட, எண்ணோடு போய்ப் பேசினால் கூட்டத்தில் எடுபடும்.

அரசுப் பள்ளியில் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள், டிசம்பர் 31-ஓடு காலாவதி. காய்ச்சலோடு வகுப்பெடுத்துச் சேர்த்துவைத்த நாட்களை டிசம்பரில் எல்லோரும் ஒன்றாகக் கேட்பார்கள், கிடைக்காது. ஆகஸ்டில் காய்ச்சல் வந்தால் ஆகஸ்டிலேயே எடுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, ஞாயிறு மாலையே நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் என்றால் அதற்கும் மருத்துவரைப் பார்க்கலாம், விடுப்பும் எடுக்கலாம். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அழைக்க வேண்டியதும் இல்லை.