எழுத்து வகுப்பில் சேருமுன்

சமுதாயக் கல்லூரி என்றதும் தையலும் கணினியும்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். 1901-இல் ஜோலியட் நகரில் இவ்வகைக் கல்லூரி தொடங்கப்பட்ட அமெரிக்காவிலோ, வேலைக்குப் போகிறவர்களும் மாலையில் வந்து கதை எழுதப் பயில்கிறார்கள். நம் பாளையங்கோட்டைப் பக்கம் அப்படியொரு வகுப்பு அமைந்தால், கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்பாக, மாணவர் எழுதியதை ஆசிரியர் வாசித்து, ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பித் தருவாரா என்று கேளுங்கள். தராத வகுப்பு வெறும் சொற்பொழிவுதான். அதற்கு நூலகமே போதும்.

பல வகுப்புகளில், எழுதியவர் வாய் திறவாமல் இருக்க, மற்றவர்கள் அவர் கதையைப் பற்றிப் பேசுவார்கள். நம்மூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் கடினம்! மறுத்துப் பேசாமல், எந்த வரியில் யார் தடுக்கினார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்துத் திருத்த உட்காருங்கள்.

கதையை வகுப்பில் கொடுப்பதற்கு முன் வீட்டில் ஒருமுறை உரக்க வாசித்துவிடுவதும் அவசியம். என் முதல் கதையில் அம்பாசமுத்திரத்து ஆச்சி ஒருத்தி, "அவர்கள் நாளை வருகிறார்கள்" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். வாசித்தபோது வகுப்பே சிரித்தது. "அவிய நாளைக்கு வாராவ" என்று மாற்றிய பிறகுதான் ஆச்சிக்கு உயிர் வந்தது. அதற்காகக் கதைசொல்லியின் நடையையும் வட்டார வழக்கிலேயே எழுத வேண்டியதில்லை; உரையாடலில் இருந்தால் போதும்.

வகுப்பில் மற்றவர்களுக்குக் கொடுக்கக் கதையை நகல் எடுக்கும்போது, வரிகளுக்கு இடையில் தாராளமாக இடம் விட்டு, வரி எண்ணும் போட்டுவிடுங்கள்.