புது சுல்காட்டா ஆமையை வெளிப்பட்டியில் பழக்குவது எப்படி?

சுல்காட்டா ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெரிய நில ஆமை. அதில் ஓடு ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்துவிட்ட ஆமையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது உள்ளங்கையளவு குஞ்சு என்றால், பகலில் சில மணி நேரம் மட்டும் வலைமூடி போட்ட பட்டியில் விட்டு, வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். எங்கள் வீடு கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில், பின்பக்கம் மாமரங்களோடு இருக்கிறது. சொல்வதெல்லாம் இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பொருந்தும்.

ஆமைக்கு முன் ஆவணம்

கரட்டிலும் கொல்லையிலும் மஞ்சள் கோடு போட்ட நட்சத்திர ஆமை கண்ணில் பட்டால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பது குற்றம். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கும் 2019-இல் அதை உயர்த்திவிட்டார்கள். அது நடமாடும் இடத்திலேயே இருக்கட்டும். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சுல்காட்டா வெளிநாட்டு இனம், சகாராவின் தெற்கு விளிம்பில் உள்ள சகேல் பகுதியைச் சேர்ந்தது. அதற்கும் 2024-இல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆவணம் தராத விற்பனையாளரிடம் வாங்கவே வாங்காதீர்கள். இன்னொன்று: இது 40 கிலோவைத் தாண்டி வளரும், 70 வருடம்கூட வாழும். வளர்ந்த ஆமைக்கு ஒரு சென்ட் இடமாவது ஒதுக்க முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

சுவர்

கோழி வலை வேண்டாம். ஆமைக்கு அந்தப் பக்கம் தெரிந்தால் போதும், நாள் முழுக்க அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். மூக்கும் முன்கால்களும் புண்ணாகும். பார்வையை மறைக்கிற சுவர்தான் வேண்டும். நம் மாவட்டத்தில் வேலிக்கு நடுகிற பலகைக்கல் எளிதாகக் கிடைக்கிறது. என் முதல் தேர்வு அதுதான். ஒரு அடி மண்ணுக்குள், இரண்டு அடி வெளியே இருக்குமாறு நட்டுவிட்டால் தோண்டியும் வராது, தள்ளியும் சாயாது. ஹாலோ பிளாக்கும் பரவாயில்லை, ஆனால் துளைகளைக் கலவையால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூரான், தேள் எல்லாம் குடியேறிவிடும்.

மூலைகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இரண்டு சுவர் சேரும் இடத்தில் ஆமை இரண்டு பக்கமும் காலை ஊன்றி ஏறப் பார்க்கும், மல்லாந்து விழும். வெயிலில் மல்லாந்து கிடக்கும் ஆமை சீக்கிரம் செத்துப்போகும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கல்லைக் குறுக்காக நட்டால் கூர்மூலையே இருக்காது.

வேலை முடிந்ததும் ஆணி, கம்பித் துண்டு, ஒயர் தோல், பிளாஸ்டிக் சில்லு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கலராக எது கிடந்தாலும் வாயில் போட்டுப் பார்க்கிற உயிர் இது. ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெங்கும் இழுத்தால் கண்ணுக்குத் தப்பிய ஆணியெல்லாம் வந்துவிடும்.

உள்ளே அருகம்புல் படர விடுங்கள். அரளி, உன்னிச்செடி, எருக்கு, பார்த்தீனியம் இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். மாமரத்தடி நிழல் நல்லதுதான், ஆனால் பூ எடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். அது கீழே உள்ள புல்லின் மேலும் விழும். மருந்து அடிக்கிற மரத்தடியில் பட்டி போடாதீர்கள்.

குடில்

இரண்டு காலங்களை நினைத்துக் கட்ட வேண்டும். ஒன்று சித்திரை வெயில், இன்னொன்று ஆவணியில் தொடங்கி ஐப்பசி வரை விட்டு விட்டுப் பெய்யும் மழை. தகரக் கூரை கூடவே கூடாது. பிளாக் சுவர் எழுப்பி, மேலே பலகைக்கல் வைத்து, அதன்மேல் மண்ணும் கேழ்வரகுத் தாளும் பரப்பினால் உள்ளே சூடு இறங்காது. தரையைச் சுற்றுப்புறத்தைவிட அரையடி உயர்த்தி, செம்மண் போட்டு இடித்துக் கெட்டியாக்கி, மேலே காய்ந்த கேழ்வரகுத் தாள் போடுங்கள். தாள் நனைந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பூசணம் பிடித்த தாள் சளியில் கொண்டுபோய் விடும்.

குறைந்த அளவையும் அதிக அளவையும் நினைவில் வைக்கிற டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கி, குடிலுக்குள் தரையோடு வையுங்கள். வெளியே 38 டிகிரி அடிக்கிற நாளில் உள்ளே 35-ஐத் தாண்டினால் கூரையில் இன்னும் மண் போட வேண்டும் என்று அர்த்தம். மற்ற கருவி எதுவும் வேண்டாம். நேரடி வெயில் கிடைக்கிற பட்டிக்குப் புறஊதா விளக்கும் தேவையில்லை.

விடும் நாள்

காலையில் விடுங்கள். முதலில் அகலமான பேசினில், கழுத்து மூழ்காத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் இருக்கட்டும். பயணத்தில் வறண்டுபோன உடம்பு தண்ணீர் பிடிக்கும், பெரும்பாலும் கழிவையும் வெளியேற்றும். அப்புறம் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குடில் வாசலுக்கு முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் தூரத்திலிருந்து பார்க்க மட்டும்தான் அனுமதி. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லா கிருமி ஆமை உடம்பில் சாதாரணமாக இருக்கும்.

என்னைத் திணறடித்த கட்டம்

சுவர் கட்டுவதோ தீனி போடுவதோ கடினமில்லை. குடிலுக்குள் போய்ப் படுக்க வைப்பதுதான் கடினம். புது ஆமை முதல் சில நாட்கள் சுவரோரமாகவே நடந்துகொண்டிருக்கும், சரியாகச் சாப்பிடாது. இடம் புதிது, அளந்து பார்க்கிறது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பொழுது சாய்ந்ததும், நாம் பார்த்துப் பார்த்துக் கட்டிய குடிலை விட்டுவிட்டு ஏதாவது ஒரு மூலையில் முகத்தைப் புதைத்துத் தூங்கிவிடும். மழையும் பனியும் நேராக மேலே இறங்கும்.

தினமும் இருட்டுகிற நேரத்தில் தூக்கிக் குடிலுக்குள் வையுங்கள் என்பார்கள். சரியான வழிதான், பல ஆமைகள் ஓரிரு வாரத்தில் பழகிவிடும். எங்கள் ஆமை பழகவில்லை. உள்ளே வைத்தால் திரும்பி வெளியே வந்து அதே மூலைக்குப் போனது. கடைசியில் ஆமையைத் தூக்குவதை விட்டுவிட்டு, அது ஏன் அந்த மூலைக்குப் போகிறது என்று பார்த்தேன். காலை வெயில் முதலில் விழுகிற இடம் அது. இரண்டு பக்கமும் உடம்பு உரசுகிறது. மாலை நான்கு மணிக்கே நிழல் வந்துவிடுகிறது. குடிலோ மேற்கே வாசல் வைத்து, உள்ளே தாராளமாக இருந்தது.

குடிலைப் பிரித்து அந்த மூலைக்கே கொண்டுபோனேன். வாசலைக் கிழக்குப் பார்த்து வைத்து, அகலத்தை ஆமை ஓட்டின் அகலத்தைவிட நான்கு விரல்தான் கூடுதலாக விட்டேன். பழைய டயர் டியூபைப் பட்டையாக வெட்டி வாசலில் தொங்கவிட்டதும் உள்ளே இருட்டாகிவிட்டது. அன்று மாலையே தானாகப் போய்ப் படுத்தது.

அதனால் நான் சொல்வது இதுதான்: கலவை வைத்துக் கட்டுவதற்கு முன், குடிலைக் கற்களை வெறுமனே அடுக்கித் தற்காலிகமாக வையுங்கள். பட்டியில் விட்டு இரண்டு வாரம் ஆமை எங்கே தூங்குகிறது என்று பாருங்கள். இடத்தைத் தேர்ந்தெடுப்பது அதன் வேலை.

தீனி

அருகம்புல், கோ-4 தீவனப்புல், காய்ந்த கேழ்வரகுத் தாள் இவைதான் பெரும்பங்கு. செம்பருத்தி இலையும் பூவும், முள்ளைச் சுட்டு எடுத்த சப்பாத்திக்கள்ளி மடலும் அவ்வப்போது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் மிஞ்சும் மல்பெரி இலையும் நல்ல தீனி. சோறு, நாய் பிஸ்கட், பருப்பு எதுவும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், ஒரு துண்டைப் பட்டியில் போட்டு வையுங்கள். தண்ணீருக்கு, பூந்தொட்டி அடியில் வைக்கும் மண்தட்டைத் தரைமட்டத்துக்குப் புதைத்தால் போதும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு அதிகம். வீட்டில் குடிக்கிற ஒகேனக்கல் தண்ணீரையே அதற்கும் ஊற்றுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

ஆட்டுக்குப் போடும் பூச்சி மருந்தை ஆமைக்கும் போடலாமா என்று பென்னாகரத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஐவர்மெக்டின் மட்டும் கூடவே கூடாது. ஆடு மாடுகளுக்குச் சாதாரணமாகப் போடும் அந்த மருந்து ஆமையைக் கொன்றுவிடும். சாணத்தைக் கால்நடை மருத்துவமனையில் பரிசோதித்து, ஆமைக்கு ஏற்ற மருந்தைக் கேட்டு வாங்குங்கள். ஐவர்மெக்டின் வேண்டாம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சுவிடுவது, பட்டியில் விட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகும் சாப்பிடாமல் எடை குறைவது, இதில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தூரம்தான்.

தளிப் பக்கத்து வாசகர் குளிர் பற்றிக் கேட்டார். மார்கழி, தை இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே போகிற ஊரில் இளம் ஆமையை இரவு வெளியே விடாதீர்கள். சுல்காட்டா குளிர்கால உறக்கத்துக்குப் போகும் இனமில்லை. வீட்டுக்குள் பெட்டியில் வைத்துக் காலையில் வெயில் ஏறியதும் விடலாம். தூக்க முடியாத அளவு வளர்ந்ததற்குக் குடிலுக்குள் செராமிக் ஹீட்டர் பல்பு மாட்டுங்கள். சூடு கூடினால் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டக் கூடாது, கீழே இருப்பது காய்ந்த தாள்.

தெருநாய் உள்ளே குதித்து ஆமையின் ஓட்டைக் கடித்துவிட்டதாக இன்னொருவர் எழுதியிருந்தார். படித்து வருத்தமாக இருந்தது. இரண்டு அடிச் சுவர் ஆமையைத்தான் தடுக்கும், நாயைத் தடுக்காது. சுவருக்கு வெளியே ஐந்தடிக் கம்பி வேலி போடுங்கள். இளம் ஆமைக்குக் கீரி, காகம், பெருச்சாளி மூன்றும் எதிரிகள் என்பதால், குடிலையும் அதன் முன்பக்கத்தையும் மூடும்படி வலைச்சட்டம் செய்து கொக்கி மாட்டிவிடுங்கள்.

மாம்பழக் காலத்தில் பட்டிக்குள் உதிரும் பழங்களைக் காலையிலும் மாலையிலும் பொறுக்கிவிடுங்கள். ஆசையாகத் தின்னும், வயிற்றுப்போக்கு வரும். காற்றடித்த இரவுக்கு மறுநாள் கிளைக்கடியில் இன்னொரு முறை பாருங்கள்.